துண்டுக்கு வெளியே சொன்ன விலை

என் மச்சான் காதருக்கு,

நாம் ரெண்டு பேரும் சேர்ந்து தயார் செய்த பேச்சை நீ இல்லாமல் நான் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்டர் கிடைக்கவில்லை. அவர்கள் சிரித்தார்கள், பிறகு ரேடியோவைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் நீயும் நானும் கணக்கில் சேர்க்காத ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இது அச்சில் வரப்போகிற கடிதம். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் பூம்பாறைக்காரன், பூண்டு விளைவிக்கிற வீட்டுப் பையன். நீ கொடைக்கானல் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கிறவரின் மகன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்த பிறகு உனக்குக் கடை, எனக்குப் பூண்டுக்காடு. சும்மா இருக்க முடியாத ரெண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? எவன் நம்மை ஏய்க்கிறான் என்றுதான் பேசுவார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர்க் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் வத்தலக்குண்டு மண்டிக்காரர் லாரியில் ஏறும். அந்த லாரி கொடைக்கானல் ஹோட்டல்களின் வாசல் வழியாகவே மலையை விட்டு இறங்கும். மண்டியில் ஒரு ராத்திரி கிடக்கும். பிறகு அதே கேரட், அதே மலைப்பாதையில் ஏறி, அதே ஹோட்டல் சமையல்கட்டுக்கு வந்து சேரும். வழியில் கை மாறினதற்கெல்லாம் காசு. வாடிப்போனதற்கும் காசு. வெள்ளைக்காரன் எழுந்துபோன நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிற நம் பெரிய மனிதர்கள் இதைத்தான் நிர்வாகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

மண்டிக்காரரின் தரகர் எங்களிடம் விலை பேசுகிற முறையையும் சொல்ல வேண்டும். லாரிக்குப் பின்னால் நிற்பார். ஒவ்வொருத்தராகப் போக வேண்டும். கைமேல் நம் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார். நாமும் விரலைப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. என்ன விலைக்குப் போட்டோம் என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வது எங்கள் ஊரில் பெண்டாட்டி சங்கதியை வெளியில் சொல்கிற மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லாமல் இருப்பதில் ஒரு பெருமை வேறு.

நீ அதைப் பார்த்த அன்றைக்கே சொன்னாய்: "ஏலே ராசு, துண்டுக்குள்ள கெடக்குற வரைக்கும் உங்க வெல உங்களுக்கே தெரியாதுடா."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நம் யோசனை. ஒரு பழைய வேனை வாடகைக்குப் பிடித்து, வெள்ளனே பிடுங்கின காய்கறியை விடியலில் நேரே ஹோட்டல்களுக்குக் கொண்டுபோவது. சீசன் முழுவதற்கும் ஒரே ஆர்டர். அதற்கு ஹோட்டல் முதலாளிகள் கூடுகிற கமிட்டியில் பேசி அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள் என்று நீ விசாரித்து வந்தாய்.

நான் முதலில் தயார் செய்த பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மலைவாழ் விவசாயியின் கண்ணீர் என்று தொடங்கினேன். பனி, காட்டுப்பன்றி, மழை, எங்கள் பிள்ளைகளின் கிழிந்த சட்டை, எல்லாம் அதில் இருந்தது. நீ டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"யாருக்குடா இது? நம்ம கஷ்டத்தச் சொன்னா சில்லறையப் போட்டுட்டுப் போயிருவானுக. அவன் கஷ்டத்தச் சொல்லு."

"அவனுக்கு என்ன கஷ்டம்?"

"வாடுன கேரட்டு. வெள்ளைத் துணி விரிச்ச மேசையில, மெட்ராஸ்லருந்து வந்த துரைசானி தட்டுல, தொங்கிப்போன கேரட்டு. அதவிட என்னடா கஷ்டம் அவனுக்கு?"

அதற்கப்புறம் தினம் ஒத்திகை. டீ மாஸ்டர் அடுப்பில் பாலை வைத்ததும் நான் ஆரம்பிக்க வேண்டும். பொங்குவதற்குள் முடிக்க வேண்டும். பொங்கிவிட்டால் அந்தப் பேச்சு தோற்றது. மாஸ்டர் கரண்டியை ஆட்டி, "கண்ணீரு வந்துருச்சு, இன்னும் கேரட்டு வரலயே தம்பி" என்று கிண்டல் செய்வார். நீ ஒவ்வொரு வாக்கியமாகப் பிடுங்கி எறிந்தாய். வணக்கத்துக்குரிய என்பது போயிற்று. தாழ்மையுடன் போயிற்று. "தாழ்மை எதுக்குடா, கேரட்டு விக்கவா, காலு கழுவவா?" என்றாய். கடைசியில் மிஞ்சியது உள்ளங்கை அளவுப் பேச்சு. அதன் முதல் வரி உன்னுடையது: "ஐயா, உங்க கெஸ்ட் நேத்து சாப்பிட்ட கேரட்டு கொடைக்கானலுக்கு ரெண்டு தடவ வந்துருக்கு."

கடைசியாக ஒன்றில் நாம் சண்டை போட்டோம். விலை. நீ அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றாய். ஊர்க்காரர்கள் ஒப்ப மாட்டார்கள் என்றேன். சண்டை முடியவில்லை. நீ கடைக்கு அரிசி எடுக்க வத்தலக்குண்டு போனாய்.

நீ திரும்பி வந்த லாரி மண்டிக்காரருடையது. மூட்டைகளுக்கு மேலே நீ உட்கார்ந்திருந்தாய். மழை. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. ஆனால் அதில் ஒரு ரேடியோ உட்கார்ந்திருந்தது. ஹோட்டல் ஒன்றுக்காக வாங்கியது, குலுங்கக் கூடாது, நனையக் கூடாது என்று கம்பளி சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். வளைவில் லாரி சரிந்தது. டிரைவருக்குக் கை முறிந்தது. ரேடியோவுக்கு ஒரு மூலையில் மரம் பெயர்ந்தது. உன் உடம்பை நாங்கள் கீழே சோலைக்காட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்தோம்.

நீ அந்த முன் சீட்டைக் கேட்டாயா, மச்சான்? கேட்டு மறுத்தார்களா? இல்லை, கேட்கவே தோன்றவில்லையா? எல்லோரிடமும் எதையும் கேட்கிறவன் நீ. இதை மட்டும் யாரிடம் போய் நான் கேட்பது?

உங்கள் அத்தா இப்போது கடையில் யாரிடமும் பேரம் பேசுவதில்லை. கேட்டதைக் கட்டிக் கொடுக்கிறார், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். நான் போனால் டீ சொல்கிறார். பேச்சு என்னாச்சு என்று ஒருநாள் கேட்டார். "அவன் சொன்னத நீயாச்சும் போய்ச் சொல்லிட்டு வாடா" என்றார். அதனால்தான் போனேன். இல்லாவிட்டால் அந்த வாசலில் எச்சில் துப்பக்கூடப் போயிருக்க மாட்டேன்.

ஊரில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். பேச்சு நான் பேசலாம், விலையை மட்டும் என் பெரியப்பா சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் தரகரிடம் பூண்டு போடும்போது எப்போதும் வரிசையில் முதல் ஆள் அவர்தான். சரி என்றேன். சமயம் வரும்போது முந்திக்கொண்டு நானே சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

கமிட்டி கூடியது ஏரிக்கு மேலே இருக்கிற ஒரு ஹோட்டலில். பேரை எழுத மாட்டேன், எழுதினால் அதற்கு அது விளம்பரம். காலையில் வரச் சொன்னார்கள், என்னையும் பெரியப்பாவையும் சமையல்கட்டுப் பக்கம் நிற்க வைத்தார்கள், அவர்கள் சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகு கூப்பிட்டார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்லவில்லை.

தலைவர் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. பைப் வைத்திருந்தார், அதில் நெருப்பு இல்லை. அவருக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர். மில் முதலாளியின் மருமகனாகப் போனதால் ஹோட்டல் முதலாளி ஆனவர். ஹோட்டல் மேனேஜர் ஓரத்தில். தமிழைச் செருப்பில் ஒட்டிய சேறு மாதிரி உதறி உதறிப் பேசுகிறவர். மூலையில், ஸ்டூல் மேல், பின்னல் துணி போர்த்தி, அந்த ரேடியோ. அதே மரம் பெயர்ந்த மூலை. மெதுவாக ஏதோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்தினேன். பால் அடுப்பில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"யெஸ் தம்பி, ஷார்ட்டா சொல்லு."

உன் வரியைச் சொன்னேன். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். மண்டியிலிருந்து வந்த கேரட்டை எடுத்து வளைத்தேன். வளைந்தது. காலையில் பிடுங்கினதை எடுத்து வளைத்தேன். டக்கென்று ஒடிந்தது. அந்தச் சத்தம் ஹாலில் நன்றாகக் கேட்டது. விடியலில் உங்கள் சமையல்கட்டில் இருக்கும், வாடினதை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று முடித்தேன். பால் பொங்கவில்லை மச்சான். கரண்டி தூக்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டேன்.

தொப்பிக்காரர் கை தட்டினார். "வெரி நைஸ்! இருய்யா, இரு. என் வொய்ஃபக் கூப்பிடுறேன், இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். ஆர்டருக்காகச் சொன்னேன். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இன்னொரு கேரட்டை ஒடிக்கச் சொன்னாள், ஒடித்தேன். பிறகு என்னைப் பார்த்து, "பாடுவியா?" என்றாள். "இல்லீங்க, கேரட்டு விப்பேன்" என்றேன். தொப்பிக்காரர் ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய குதிரைக்காம்.

இந்த மனிதர்களுக்கு நாம் எத்தனை வாக்கியம் செதுக்கினோம் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. நல்ல பேச்சு கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியாது. கை தட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

"சரி, ரேட் என்ன?" என்றார் தலைவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா நகர்ந்துவிட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து, ரெண்டு கையாலும் விரித்துக்கொண்டு, மரியாதையாகக் குனிந்து தலைவர் பக்கம் போனார். தலைவர் முகம் மலர்ந்தது. பைப்பை மேசையில் வைத்தார். கழுத்தை நீட்டிக் கொடுத்தார்.

புரிகிறதா மச்சான்? தனக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்ய வருகிறான் மலைநாட்டான் என்று நினைத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் பொன்னாடை வாங்கிப் பழகின கழுத்து. துண்டு கழுத்துக்கு வரவில்லை. கைமேல் விழுந்தது. உள்ளே ஒரு காய்ப்புக் காய்த்த கை வந்து அவர் விரலைத் தேடியது.

"ஏய்! ஏய்! என்ன பண்றான் இந்த ஆளு?" தலைவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்டுச் சந்தையில இப்பிடித்தான் சார் வெல பேசுவானுக. உங்கள மாடுன்னு நெனச்சுட்டான்."

பெரியப்பா பதறிப்போய்ச் சொன்னார்: "ஐயோ, இல்லீங்க. மாடு வெல பேசாதுங்களே. வாங்குறவுகதானே பேசுவாக."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே விளக்கினார். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். ஒரு விரலைக்கூட விடவில்லை. அதைப் பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது நான் விலையைச் சொன்னேன். வீசைக்கு இல்லை, புதிதாக வந்த கிலோவுக்கு, பூண்டுக்கு இவ்வளவு, கேரட்டுக்கு இவ்வளவு என்று, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். சபையில் அவர் வேட்டியை நான் உருவிவிட்ட மாதிரி.

தொப்பிக்காரருக்கு இங்கிதம் கிடையாது. அதற்காக மட்டும் அவருக்கு நன்றி. "இவ்வளவுதானா? மண்டிக்காரன் பூண்டுக்கு நம்மகிட்ட இதுல ரெண்டு பங்கு வாங்குறானேய்யா!" என்று கத்திவிட்டார்.

தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து போய் ரேடியோவின் குமிழைத் திருகினார். கிரிக்கெட். "மேட்ச் ஆரம்பிச்சாச்சு. தகவல் சொல்லி அனுப்புறோம்." அதோடு எங்கள் பக்கம் முதுகு.

உன் சீட்டைப் பிடித்துக்கொண்டது போதாதென்று, உன் பேச்சையும் அதுதான் முடித்து வைத்தது.

வெளியே மேனேஜர் பின்னாலேயே வந்தார். "நல்லாத்தான் பேசுன தம்பி. ஆனா மண்டிக்காரர் கமிட்டிக்கு வருசா வருசம் செய்யுறத நீங்க செய்ய முடியுமா?"

"என்ன செய்யுறாரு?"

"அதெல்லாம் வெளிய சொல்ற விஷயமில்ல" என்று புன்னகை செய்தார்.

பாருடா, அவர்களுக்கும் ஒரு துண்டு இருக்கிறது. நம் துண்டைப் பார்த்துச் சிரித்தவர்கள். எங்களுடையது நாலு முழம் பருத்தி. அவர்களுடையது கண்ணுக்கே தெரியாது.

பஸ்ஸில் பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். ஊர் நெருங்குகிற இடத்தில் கேட்டார்.

"ஏலே ராசு, அந்தத் தொப்பிக்காரரு சொன்னாரே, ரெண்டு பங்கு. நெசமாவா?"

"நெசமாத்தான்."

"சத்தமாவா சொன்னாரு? இல்ல எனக்குத்தான் அப்பிடிக் கேட்டுச்சா?"

"சத்தமாத்தான் சொன்னாரு, பெரியப்பா."

மடியிலிருந்த துண்டை எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

அடுத்த லாரி வந்த அன்று தரகர் வழக்கம்போலப் பின்னால் போய் நின்று கையை நீட்டினார். முதல் ஆள் பெரியப்பா.

"துண்டு எங்கண்ணே?"

"தலையில கெடக்கு. குளுருது. வாயால சொல்லுங்க."

"வெளையாடாதீங்கண்ணே, சோலி கெடக்கு. வெரசா கையக் குடுங்க."

"ஏன், வாய்ல என்ன வச்சிருக்கீக?"

வரிசையில் சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாகப் பின்னாலிருந்து ஒருத்தர், போன வாரம் தனக்கு என்ன விலை பிடித்தார் என்று சத்தமாகச் சொன்னார். இன்னொருத்தர் முகம் செத்துப்போயிற்று. "எனக்கு அதுல பாதிதானேய்யா புடிச்சான்!" அவ்வளவுதான். ஒருத்தர் மாற்றி ஒருத்தர். அண்ணனுக்கு ஒரு விலை, ஒரே வரப்பில் விளைவித்த தம்பிக்கு ஒரு விலை. பெரியம்மா கூட்டத்துக்குள் புகுந்து, "இத்தன வருசமா எங்கிட்டக்கூடச் சொல்லலையே, என்னத்த மூடி வச்சீக?" என்று பெரியப்பாவைக் கேட்டாள். எங்கள் ஊரின் பெருமை என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. தனித்தனியாக ஏமாந்து, அதை ஒருத்தருக்கொருத்தர் மறைத்து, கௌரவமாக வாழ்ந்திருக்கிறோம். பெரிய மனிதர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அன்று கேரட்டும் கிழங்கும் ஏறின. அது அழுகும், காத்திருக்காது. பூண்டு ஒரு மூட்டைகூட ஏறவில்லை. அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்ட பூண்டு கெடாது, அதற்கு அவசரமில்லை.

அடுத்த முறை லாரி வந்தபோது தரகர் துண்டைக் கேட்கவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டு, கெட்ட வார்த்தை சொல்கிறவன் மாதிரி, முணுமுணுவென்று ஒரு விலை சொன்னார்.

"கேக்கல!" என்றாள் பெரியம்மா.

மறுபடி சொன்னார். கேட்டது. நான் ஹாலில் சொன்ன விலைகூட இல்லை, அதற்கும் குறைவு. ஆனால் எல்லோருக்கும் ஒரே விலை. ஊரே காதால் கேட்ட விலை. பெரியப்பா என்னைப் பார்த்தார். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். இன்னும் ஒன்று கேட்டிருப்பாய்.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன். "மண்டிக்கு எங்க ஆளு வந்தா முன் சீட்டுலதான் உக்காருவாக. மூட்ட மேல யாரும் ஏற மாட்டாக."

"அது மண்டி லாரி தம்பி."

"பூண்டு எங்களுது."

தரகருக்கு உன்னைத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். நடந்து போய், முன் சீட்டிலிருந்த தன் மூட்டையை எடுத்துக் கீழே வைத்தார்.

அன்று லாரியில் நான் போனேன், மச்சான். முன் சீட்டில். அந்த வளைவு வந்ததும் டிரைவர் தானாகவே மெதுவாகப் போனார். நான் வெளியே பார்க்கவில்லை.

ஆர்டர் இன்னும் இல்லை. வேனும் இல்லை. கமிட்டியிலிருந்து தகவல் வராது, அவர்கள் மேட்ச் முடிய வாழ்நாள் ஆகும். ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சந்தை நாளெல்லாம் உங்கள் அத்தா கடை வாசலில் நின்று, பூம்பாறையில் நேற்று என்ன விலை போயிற்று என்று கடைவீதி முழுக்கக் கேட்கக் கூவுவேன். பக்கத்து ஊர்ப் பள்ளங்கிக்காரனும் கேட்கட்டும், ஹோட்டல்காரனும் கேட்கட்டும். உன் முதல் வரியில் ஆரம்பிப்பேன், பால் பொங்குவதற்குள் முடிப்பேன். எங்கள் ஊர்ப் பூண்டு ஏறுகிற எந்த லாரியிலும் நம் ஆள் ஒருவனையும் மூட்டை மேல் உட்கார விடமாட்டேன்.

கேட்காமல் போனதையெல்லாம் உனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்

உன் மாப்ளே,
பூம்பாறை ராசு